அயன் டோம் எப்படி வேலை செய்கிறது? குறுந்தூர ஏவுகணைத் தடுப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரவு வானத்தில் கீழிருந்து ஒளிப்புள்ளிகள் வளைந்து ஏறுகின்றன, சட்டெனத் திரும்புகின்றன, பளிச்சென்று வெடித்து அணைகின்றன. இஸ்ரேலின் அயன் டோம் வேலை செய்யும் இந்தக் காணொளிகளைக் கைப்பேசியில் பார்க்காதவர்கள் குறைவு. அவற்றோடு சேர்ந்து சுற்றும் விளக்கங்களில்தான் சிக்கல். "வானத்தில் கண்ணுக்குத் தெரியாத கூரை" என்று ஒருவர் எழுதுகிறார், "எல்லாம் வெறும் விளம்பரம்" என்று இன்னொருவர் எழுதுகிறார். இரண்டும் சரியில்லை. தெரிந்தவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். போரில் மிக அதிகமாகப் பயன்பட்ட குறுந்தூரத் தடுப்பு அயன் டோம்தான் என்பதால் பெரும்பாலும் அதை வைத்தே பேசுகிறேன்.

குறுந்தூரத் தடுப்பு என்று தனியாக ஒன்று எதற்கு? ஒரே அமைப்பால் எல்லா ஏவுகணைகளையும் தடுக்க முடியாதா?

முடியாது. 1,500 கிலோமீட்டர் தாண்டி வரும் ஏவுகணை விண்வெளியைத் தொட்டுவிட்டுப் பெரும் வேகத்தில் இறங்கும். பக்கத்து ஊரிலிருந்து வரும் ராக்கெட் அரை நிமிடத்தில் தலைக்கு மேல் வந்துவிடும். முதலாவதற்கு மிக உயரத்தில் போய் அடிக்கும் பெரிய ஏவுகணை வேண்டும். இரண்டாவதற்கு உடனே கிளம்பக்கூடிய, விலை குறைந்த, நிறையச் செய்து குவிக்கக்கூடிய ஒன்று வேண்டும்.

அதனால் இஸ்ரேல் அடுக்கடுக்காக வைத்திருக்கிறது. 4 முதல் 70 கிலோமீட்டர் வரையிலிருந்து ஏவப்படுபவற்றுக்கு அயன் டோம். அதற்கு மேல் சுமார் 300 கிலோமீட்டர் வரை 2017-இல் பணிக்கு வந்த டேவிட்ஸ் ஸ்லிங். இன்னும் தொலைவிலிருந்து வருபவற்றுக்கு ஆரோ 2, ஆரோ 3. 2024 ஏப்ரலில் ஈரான் 300-க்கும் மேற்பட்ட ட்ரோன்களையும் ஏவுகணைகளையும் அனுப்பியபோது, "அயன் டோம் காப்பாற்றியது" என்று நம் ஊர்ச் செய்திகளிலும் வந்தது. அன்றைக்கு ஈரானின் நீண்டதூர ஏவுகணைகளை எதிர்கொள்வதில் ஆரோவுக்குத்தான் பெரிய பங்கு. நேச நாடுகளின் போர் விமானங்களும் கப்பல்களும் வழியிலேயே பலவற்றை வீழ்த்தின.

அயன் டோம் எப்போது, ஏன் வந்தது?

2006-இல் லெபனானில் ஹிஸ்புல்லா என்ற ஆயுத இயக்கத்துக்கும் இஸ்ரேலுக்கும் 34 நாள் போர் நடந்தது. அதில் ஏறக்குறைய 4,000 ராக்கெட்டுகள் வட இஸ்ரேலில் விழுந்தன. இஸ்ரேலியப் பொதுமக்கள் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இஸ்ரேலின் குண்டுவீச்சில் லெபனானில் இறந்தவர்கள் 1,000-க்கும் மேல். தெற்கே காசாவிலிருந்தும் ஸ்டெரோட் போன்ற ஊர்கள் மீது ராக்கெட்டுகள் வந்துகொண்டிருந்தன.

பாதுகாப்பு அமைச்சகத்தின் ஆய்வுப் பிரிவுக்குத் தலைமை வகித்த டேனி கோல்ட் இந்தத் திட்டத்தை முன்னெடுத்தார். படைக்குள்ளேயே எதிர்ப்பு இருந்தது. சில நூறு டாலர் ராக்கெட்டைப் பல்லாயிரம் டாலர் ஏவுகணையால் அடிப்பதா என்று கேட்டார்கள். 2007-இல் அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் அமிர் பெரெட்ஸ் ஒப்புதல் கொடுத்தார். ஸ்டெரோட்டில் வாழ்பவர் அவர். ரஃபேல் நிறுவனம் ஏவுகணையையும், எல்டா ரேடாரையும், எம்பிரெஸ்ட் கட்டுப்பாட்டு மென்பொருளையும் செய்தன. 2011 மார்ச் 27 அன்று பீர்ஷெபா அருகே முதல் அணி நிறுத்தப்பட்டது. ஏப்ரல் 7 அன்று காசாவிலிருந்து அஷ்கெலானை நோக்கி வந்த ஒரு ராக்கெட்டை முதன்முதலாக வானிலேயே அழித்தது.

ராக்கெட் கிளம்பியதிலிருந்து என்னென்ன நடக்கிறது?

ஓர் அணியில் மூன்று பகுதிகள் உண்டு: ரேடார், கட்டுப்பாட்டு மையம், ஏவுபெட்டிகள். மூன்றும் ஒரே இடத்தில் இருக்க வேண்டியதில்லை. கம்பியில்லாத் தொடர்பில் இணைந்து, சில கிலோமீட்டர் தள்ளித் தள்ளி நிற்கலாம். ஓர் அணிக்கு மூன்று அல்லது நான்கு ஏவுபெட்டிகள், ஒவ்வொன்றிலும் 20 தமிர் ஏவுகணைகள். 'தமிர்' என்பது இடைமறிக்கும் ஏவுகணையின் பெயர். 3 மீட்டர் நீளம், சுமார் 90 கிலோ எடை. ஆள் உயரத்தைப் போல இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான்.

எதிரி ராக்கெட் தரையை விட்டு எழுந்த சில விநாடிகளில் ரேடார் அதைப் பிடித்துவிடும். இந்த ரேடார் தட்டு, கோயில் திருவிழாவில் சுற்றும் விளக்கு மாதிரி சுற்றிக்கொண்டிருப்பதில்லை. ஆயிரக்கணக்கான சிறு அலைவாங்கிகள் சேர்ந்த பலகை அது. பலகை அசையாமல் நிற்க, அலைக்கற்றை மட்டும் மின்னணு முறையில் நொடிக்குப் பலமுறை திசை மாறும். அதனால்தான் ஒரே நேரத்தில் பல ராக்கெட்டுகளைத் தொடர முடிகிறது.

அப்புறம் கட்டுப்பாட்டு மையம் கணக்குப் போடுகிறது: இது எந்த வகை, எங்கே விழும், எப்போது விழும். விழும் இடம் காக்க வேண்டிய பகுதி என்றால் எந்த ஏவுபெட்டியிலிருந்து, எந்தக் கணத்தில், எந்தப் புள்ளியை நோக்கிச் சுடுவது என்று தீர்மானமாகும். தமிர் கிளம்பிய பிறகும் ரேடார் இரண்டையும் பார்த்துக்கொண்டே, "கொஞ்சம் இடப்பக்கம், கொஞ்சம் மேலே" என்று திருத்தம் அனுப்பும். கடைசிச் சில விநாடிகளில் தமிரின் மூக்கில் இருக்கும் உணர்கருவி பொறுப்பை எடுத்துக்கொள்ளும். காணொளியில் ஒளிப்புள்ளி திடீரென வளைகிறதே, அது இந்தத் திருத்தங்கள்தான்.

எங்கே விழும் என்று சில விநாடியில் எப்படித் தெரியும்?

கட்டட வேலை நடக்கும் இடத்தில் கவனித்திருப்பீர்கள். கீழே நிற்பவர் செங்கல்லைத் தூக்கிப் போடுவார், மேலே சாரத்தில் நிற்பவர் அதை அலட்டிக்கொள்ளாமல் பிடிப்பார். கல் கையை விட்டுக் கிளம்பி ஓரிரு அடி வருவதற்குள் அது எங்கே வரும் என்று அவருக்குத் தெரிந்துவிடும். கையை விட்ட பிறகு செங்கல் தன் இஷ்டத்துக்குத் திரும்பாது. புவியீர்ப்பும் காற்றும் மட்டும்தான் அதன் வழியை முடிவு செய்யும்.

கசாம், கிராட் போன்ற ராக்கெட்டுகளும் அப்படித்தான். மோட்டார் கொஞ்ச நேரம் எரியும், மீதித் தூரம் எறிந்த கல்தான். வேகமும் கோணமும் உயரமும் அளந்துவிட்டால் வளைவின் மறுமுனையைக் கணித்துவிடலாம். இன்னொன்றும் இந்த உவமையில் உண்டு: கைக்கு எட்டாமல் தள்ளிப் போகும் செங்கல்லைச் சாரத்தில் நிற்பவர் எட்டிப் பிடிக்கப் போக மாட்டார். விட்டுவிடுவார். அயன் டோமின் உயிர்நாடி அந்த விட்டுவிடுதலில்தான் இருக்கிறது.

அப்படியானால் சில ராக்கெட்டுகளை வேண்டுமென்றே விட்டுவிடுகிறதா?

ஆமாம், பெரும்பாலானவற்றை. 2012 நவம்பரில் நடந்த எட்டு நாள் சண்டையில் காசாவிலிருந்து சுமார் 1,500 ராக்கெட்டுகள் ஏவப்பட்டன. இடைமறிக்கப்பட்டவை 421. மற்றவற்றில் பெரும்பகுதி வயலிலோ, பாலைவனத்திலோ, கடலிலோ விழும் என்று கணினி கணித்ததால் தொடப்படவே இல்லை. வருவதையெல்லாம் அடித்தால் கையிருப்பு ஒரே நாளில் காலியாகிவிடும்.

இங்கே நான் அழுத்திச் சொல்ல விரும்பும் ஒன்று இருக்கிறது. எது 'வெட்டவெளி' என்பதை ரேடார் சொல்வதில்லை. வரைபடத்தில் மனிதர்கள் குறித்து வைத்திருக்கிறார்கள். தெற்கு இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் பதூவின் என்ற அரபுப் பழங்குடியினர் வாழும், அரசு அங்கீகரிக்காத ஊர்கள் பல உண்டு. அங்கீகாரம் இல்லாததால் அவற்றில் பல இந்தக் கணக்கில் வெட்டவெளியாகவே இருந்தன. 2014 காசா போரில் அப்படி ஒரு குடியிருப்பில் ராக்கெட் விழுந்து ஒருவர் இறந்தார், குழந்தைகள் காயமடைந்தார்கள். மனித உரிமை அமைப்புகள் உச்ச நீதிமன்றம் வரை போயின. 2023 அக்டோபர் 7 அன்றும் பதூவின் மக்கள் ராக்கெட்டுக்குப் பலியானார்கள். தொழில்நுட்பத்தைப் புகழ்ந்து எழுதுபவர்கள் இதைத் தவறாமல் விட்டுவிடுகிறார்கள். எனக்கு இது உறுத்திக்கொண்டே இருக்கிறது. யாரைக் காப்பது என்ற முடிவு, ராக்கெட் கிளம்புவதற்கு வெகுகாலம் முன்பே ஓர் அலுவலகத்தில் எடுக்கப்பட்டுவிடுகிறது.

தமிர் நேராகப் போய் ராக்கெட்டின் மேல் மோதுமா?

மோத வேண்டியதில்லை. மிக அருகில் போனதும் அதன் அண்மை உணரி தூண்டப்பட்டு, வெடிபொருள் வெடித்துச் சில்லுகளைச் சிதறடிக்கும். அந்தச் சில்லுகள் எதிரி ராக்கெட்டின் குண்டுப் பகுதியைத் துளைத்து, வானிலேயே வெடிக்க வைக்க வேண்டும். வாலில் மட்டும் பட்டால் போதாது. ராக்கெட் உடைந்தாலும் குண்டு அப்படியே கீழே வந்து வெடிக்கும். அதனால் எந்தக் கோணத்தில் நெருங்குகிறது என்பது முக்கியம். எதிரே போய்ச் சந்திப்பது நல்லது, பின்னால் துரத்திக்கொண்டு போவதில் பலன் குறைவு.

உடைந்த துண்டுகள் என்ன ஆகும்?

கீழேதான் விழும். எதிரி ராக்கெட்டின் துண்டு, தமிரின் துண்டு, இரண்டும். சைரன் நின்ற பிறகும் உடனே வெளியே வராமல் உள்ளேயே இருங்கள் என்று இஸ்ரேலில் மக்களுக்குச் சொல்லப்படுவது இதனால்தான்.

எல்லாம் தானியங்கியா? மனிதர் யாரும் முடிவெடுப்பதில்லையா?

கட்டுப்பாட்டு மையத்தில் வீரர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். கணினி கணித்துக் காட்டும், சுட வேண்டாம் என்று நிறுத்தும் அதிகாரம் அவர்களிடம் உண்டு. ஆனால் 15 விநாடியில் ஒருவர் எவ்வளவு யோசிக்க முடியும்? நடைமுறையில் பெரும் பகுதி இயந்திரத்தின் கணக்குத்தான்.

90 சதவீத வெற்றி என்கிறார்களே, நம்பலாமா?

முதலில் அந்த எண் எதைக் குறிக்கிறது என்று பார்ப்போம். உதாரணத்துக்கு 100 ராக்கெட் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 70 வெட்டவெளிக்குப் போகிறது, விட்டாயிற்று. மீதி 30-ஐச் சுட்டு 27 வானிலேயே அழிந்தால் அது 90 சதவீதம். 100-இல் 90 அல்ல, 30-இல் 27. மீதி மூன்று ராக்கெட்டும் ஊருக்குள் விழுந்திருக்கும். செய்தித் தலைப்புகளில் இந்த விளக்கம் வருவதே இல்லை.

அடுத்து, எண்ணைச் சொல்வது யார்? இஸ்ரேலியப் படை. 2012-இல் 84 சதவீதம் என்றும் பிறகு 90-ஐ ஒட்டியும் சொல்லி வந்திருக்கிறது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் தியடோர் போஸ்டல் இதை மறுத்தார். புகைத்தடங்களின் படங்களை ஆராய்ந்து, பல தமிர்கள் பின்னாலிருந்தோ பக்கவாட்டிலோ நெருங்குகின்றன, அப்படியானால் குண்டு அழிந்திருக்காது என்றார். அவர் சொன்ன வெற்றி விகிதம் மிகக் குறைவு. வேறு வல்லுநர்கள் சிலர், ஊருக்குள் உயிர்ச்சேதம் குறைந்திருப்பதைக் காட்டி அதை ஏற்கவில்லை.

போஸ்டலை லேசில் ஒதுக்கிவிட முடியாததற்கு ஒரு பழைய கதை காரணம். 1991 வளைகுடாப் போரில் ஈராக்கின் ஸ்கட் ஏவுகணைகளை அமெரிக்காவின் பேட்ரியாட் என்ற தடுப்பு ஏவுகணை அடித்தது. 42-க்கு 41 என்று அதிபர் புஷ், அதைச் செய்த தொழிற்சாலையிலேயே நின்று பெருமையாகச் சொன்னார். அப்போதும் போஸ்டல் மறுத்தார். 1992-இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு ஆராய்ந்தபோது, குண்டு அழிந்ததற்கு மிக வலுவான சான்று சுமார் 9 சதவீத மோதல்களுக்குத்தான் கிடைத்தது. வானத்தில் வெளிச்சம் தெரிந்ததை எல்லாம் வெற்றி என்று எண்ணியிருந்தார்கள்.

அயன் டோம் பேட்ரியாட் அல்ல. அதைச் சந்திக்கும் ராக்கெட்டுகள் மெதுவானவை, எளியவை. பெரும்பாலானவற்றை அது அடிக்கிறது என்றே நான் நினைக்கிறேன். 2021 மே மாதம் 11 நாளில் காசாவிலிருந்து 4,000-க்கும் அதிகமான ராக்கெட்டுகள் வந்தும் இஸ்ரேலில் இறந்தவர்கள் 15-க்கும் குறைவு. பதுங்கிடங்களையும் சைரனையும் கணக்கில் சேர்த்தாலும், தடுப்பு வேலை செய்யவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் போர் நடக்கும்போது வரும் எந்தச் சதவீதத்தையும் உடனே நம்பிவிடாதீர்கள்.

கணினிக் கணக்குத் தவறினால் என்ன ஆகும்?

அதற்கும் 1991-இலேயே விடை கிடைத்துவிட்டது. பிப்ரவரி 25 அன்று சவூதி அரேபியாவின் தஹ்ரானில் அமெரிக்கப் படையினர் தங்கியிருந்த கட்டடத்தில் ஸ்கட் விழுந்து 28 பேர் இறந்தார்கள். அங்கே காவலுக்கு நின்ற பேட்ரியாட் சுடவே இல்லை.

காரணம் கடிகாரம். அந்தக் கணினி நேரத்தைப் பத்தில் ஒரு விநாடி அளவில் எண்ணியது. மூன்றில் ஒன்றை நாம் 0.333 என்று எழுதிக்கொண்டே போனாலும் முடியாதல்லவா, அதுபோலப் பத்தில் ஒன்றை, கணினி பயன்படுத்தும் 0, 1 மட்டும் கொண்ட இரும எண்ணில் முழுதாக எழுத முடியாது. 24 இலக்கத்தோடு வெட்டியதால் ஒவ்வொரு எண்ணிக்கையிலும் ஒரு துளி பிசகு. நிறுத்தாமல் 100 மணி நேரம் ஓடியதில் அது 0.34 விநாடியாகச் சேர்ந்துவிட்டது. ஸ்கட் அந்த நேரத்தில் அரை கிலோமீட்டருக்கு மேல் கடந்துவிடும். "அடுத்து இங்கே இருக்கும்" என்று ரேடார் தவறான இடத்தைப் பார்த்தது, அங்கே எதுவும் இல்லை, சரி போலித் தடயம் என்று விட்டுவிட்டது. கணினியை அவ்வப்போது அணைத்துப் போட்டிருந்தாலே பிசகு நீங்கியிருக்கும். திருத்திய மென்பொருள் தஹ்ரானுக்கு வந்து சேர்ந்தது மறுநாள், பிப்ரவரி 26.

ஒரு தமிர் என்ன விலை? கட்டுப்படியாகிறதா?

40,000 முதல் 50,000 டாலர் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். நம் பணத்தில் 40 லட்சம் ரூபாயை ஒட்டி வரும். சில சமயம் ஒரு ராக்கெட்டுக்கு இரண்டு தமிர் போகும். எதிர்ப்பக்கம், உரத்தில் இருக்கும் பொட்டாசியம் நைட்ரேட்டையும் சர்க்கரையையும் கலந்து இரும்புக் குழாயில் அடைத்த கசாம், சில நூறு டாலர்.

ஆனால் ராக்கெட்டின் விலையோடு மட்டும் ஒப்பிடுவது பாதிக் கணக்கு. அது விழவிருந்த அடுக்குமாடியின் விலை, அதில் இருந்தவர்கள், அதற்குப் பதிலாக நடக்கவிருந்த தரைப்போர் எல்லாம் மறுபக்கத் தட்டில் வர வேண்டும். இன்னொன்று, இந்தச் செலவைச் சுமப்பது இஸ்ரேல் மட்டும் அல்ல. 2021 சண்டைக்குப் பிறகு கையிருப்பை நிரப்ப மட்டும் அமெரிக்கா 100 கோடி டாலர் ஒதுக்கியது. அப்படி ஒரு துணை இல்லாத நாடு இதே வழியில் போவது கடினம்.

ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கில் வந்தால்?

தாங்காது. ஓர் அணியில் 60 முதல் 80 தமிர்கள். தீர்ந்தால் மறுபடி ஏற்ற நேரம் வேண்டும். 2023 அக்டோபர் 7 காலையில் ஹமாஸ் சில மணி நேரத்தில் ஆயிரக்கணக்கான ராக்கெட்டுகளை அனுப்பியபோது பல ஊருக்குள் விழுந்தன. மக்கள் பதுங்கிடங்களில் இருந்த அதே நேரத்தில் எல்லை வேலியை உடைத்துக்கொண்டு ஆயுதக் குழுவினர் உள்ளே வந்தார்கள். வானத்தைப் பார்க்கும் ரேடாருக்கு வேலியைப் பற்றி எதுவும் தெரியாது.

மிக அருகிலிருந்து சுட்டால்?

அது இதன் பலவீனம். 4 கிலோமீட்டருக்குள் இருந்து வரும் மோர்ட்டார் குண்டைக் கண்டு, கணித்து, ஏவி, சந்திக்க நேரமே இருக்காது. 2024 ஜூலை 27 அன்று கோலான் குன்றுகளில் உள்ள மஜ்தல் ஷம்ஸ் ஊரின் கால்பந்து மைதானத்தில், லெபனான் திசையிலிருந்து வந்த ராக்கெட் விழுந்து 12 சிறுவர் சிறுமியர் இறந்தார்கள். சைரன் ஒலித்தது. ஓடுவதற்குச் சில விநாடிகளே கிடைத்தன.

ஏவுகணை எதற்கு, துப்பாக்கியால் சுட்டு வீழ்த்த முடியாதா?

முடியும், இன்னும் குறுகிய தூரத்தில். கப்பல்களுக்காகச் செய்த ஃபாலன்க்ஸ் என்ற ஆறு குழல் பீரங்கியை அமெரிக்கா ஈராக்கில் தன் முகாம்களைக் காக்கத் தரையில் நிறுத்தியது. நிமிடத்துக்கு 4,500 தோட்டாக்கள் வரை சுடும். தவறிய தோட்டாக்கள் ஊருக்குள் விழாமல் இருக்க, அவை வானிலேயே தாமாக வெடித்துவிடும்படி செய்யப்பட்டவை. ஆனால் காக்கும் வட்டம் இரண்டு கிலோமீட்டருக்குள்தான். ஒரு முகாமுக்குச் சரி, ஒரு நகரத்துக்கு ஆகாது.

ஜெர்மனி தன் படையிலிருந்து ஓய்வு கொடுத்துவிட்ட கெபார்ட் என்ற இரட்டைக் குழல் பீரங்கி வண்டிகளை 2022 முதல் உக்ரைனுக்குக் கொடுத்தது. 1970-களில் செய்த வண்டி, ரஷ்யா ஏவும் ஈரானிய வடிவமைப்பான ஷாஹெத் ட்ரோன்களை அடிப்பதில் மிகவும் பயன்பட்டது. ட்ரோனுக்கு எதிராகக் குண்டு மலிவு, ஏவுகணை விலை அதிகம். பழையது என்று தூக்கிப் போட்டதைத் தேடி எடுக்க வேண்டியதாயிற்று.

ட்ரோன்களுக்கு எதிராக அயன் டோம் எப்படி?

ராக்கெட்டுக்கு எதிராக இருக்கும் அளவுக்கு இல்லை. செங்கல் உவமை இங்கே உடைந்துவிடுகிறது. ட்ரோன் எறிந்த கல் அல்ல, அது வழியில் திரும்பும். தாழப் பறந்து மலைக்குப் பின்னால் ஒளியும். சிறியது, மெதுவானது, ரேடாரில் பறவை போலத் தெரியும். 2024 அக்டோபரில் ஹிஸ்புல்லாவின் ஒரு ட்ரோன் பின்யாமினா அருகே ராணுவப் பயிற்சி முகாமின் உணவுக்கூடத்தைத் தாக்கி நான்கு வீரர்களைக் கொன்றது. சைரன்கூட ஒலிக்கவில்லை.

லேசர் வந்தால் எல்லாம் தீர்ந்துவிடுமா?

ஒரு முறை சுட மின்சாரச் செலவு சில டாலர்கள்தான், தோட்டா தீராது. ரஃபேல் செய்த 100 கிலோவாட் வகை லேசர் ஆயுதமான அயன் பீம் 2025 இறுதியில் இஸ்ரேலியப் படையிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆனால் ஒளிக்கற்றை ஒரே புள்ளியில் சில விநாடி நின்று சுட வேண்டும். ஒரு நேரத்தில் ஓர் இலக்குதான். மேகம், தூசி, மழை வந்தால் வலு குறையும். அதனால் தமிருக்குத் துணையாகத்தான் வருகிறது.

இந்தியாவிடம் இப்படி ஏதாவது உண்டா?

அயன் டோம் போல, மலிவான ராக்கெட் மழையைத் தடுப்பதற்கென்றே ஒன்று நம்மிடம் இல்லை. நம் தேவையும் வேறு. இஸ்ரேலின் பரப்பு சுமார் 22,000 சதுர கிலோமீட்டர், நமக்கோ 32 லட்சத்துக்கும் மேல். ஓர் அயன் டோம் அணி காப்பது 150 சதுர கிலோமீட்டர் அளவு என்கிறார்கள். அதைப் பெருக்கிப் பார்த்தாலே புரிந்துவிடும். எல்லாவற்றையும் மூட முடியாது, முக்கிய இடங்களைத்தான் காக்க முடியும்.

நம்மிடம் சுமார் 25 கிலோமீட்டர் எட்டும் ஆகாஷ் ஏவுகணை இருக்கிறது. புதுப்பிக்கப்பட்ட எல்-70 பீரங்கிகள் இருக்கின்றன. 2025 மே மாதம் பாகிஸ்தானோடு நடந்த மோதலில் இரண்டும் ட்ரோன்களுக்கு எதிராகப் பயன்பட்டதாக அரசு தெரிவித்தது. ரேடார்களையும் ஆயுதங்களையும் ஒரே வலையில் இணைக்கும் ஆகாஷ்தீர் அமைப்பும் அப்போது பேசப்பட்டது. அதே ஆண்டு சுதந்திர தினத்தில் சுதர்சன சக்கரம் என்ற பெரிய வான்பாதுகாப்புத் திட்டத்தைப் பிரதமர் அறிவித்தார். ஆகஸ்ட் 23 அன்று ஒடிசா கடற்கரையில் குறுந்தூர ஏவுகணைகளும் லேசரும் சேர்ந்த அமைப்பை நம் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான டிஆர்டிஓ சோதித்தது.

இவ்வளவு தடுப்பு இருக்கும்போது பதுங்கிடம் எதற்கு?

விடுபடும் ராக்கெட்டுக்காகவும், விழும் துண்டுக்காகவும். சைரன் ஒலித்ததிலிருந்து ஸ்டெரோட்டில் 15 விநாடி, அஷ்கெலானில் 30, டெல் அவீவில் 90. 1991-இல் இஸ்ரேலிலும் ஸ்கட் விழுந்த அனுபவத்துக்குப் பிறகு, புதிதாகக் கட்டும் ஒவ்வொரு வீட்டிலும் கான்கிரீட் பாதுகாப்பு அறை வேண்டும் என்று இஸ்ரேலில் சட்டம் வந்தது. அதற்கு முன் கட்டிய வீடுகளில் அது இருக்காது, தெருமுனைப் பொதுப் பதுங்கிடத்துக்கு ஓட வேண்டும். நடக்க முடியாத முதியவர்களால் ஓட முடியாது. அவர்களைப் பார்த்துக்கொள்ளும் பணியாளர்கள் அவர்களை விட்டுவிட்டு ஓட மாட்டார்கள். கேரளத்திலிருந்து போனவர்கள் அவர்களில் நிறையப் பேர். வேலி தாண்டி காசாவில் வாழ்பவர்களுக்கோ சைரனும் கிடையாது, வீட்டில் கான்கிரீட் அறையும் கிடையாது, மேலே இருந்து வருவதைத் தடுக்க எதுவும் கிடையாது.